பொத்தானுக்குப் பின்னால் ஒரு மூளை வேண்டும்!



ஆண்டு மலர் என்றால் கவிதை வரும், விடுதி நினைவுகள் வரும், நட்பைப் பற்றி நாலு பக்கம் வரும். இந்த முறை உங்களைக் கொஞ்சம் கம்ப்யூட்டர் லேப் பக்கம் கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன். "அய்யய்யோ, மலரிலும் பாடமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாளைக்கு நாம் சாப்பிடப் போகும் சோற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நாங்கள் வரைகிற சுவருக்குள்தானே உங்கள் பைப்பும் ஒயரும் ஓட வேண்டும்!

கடைசி ஆண்டு மாணவர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் ஒரே பேச்சு. "உனக்கு ரெவிட் தெரியுமா?" என்பது பழைய கேள்வி. "என்ன ஆட்-ஆன் போட்டிருக்கே?" என்பதுதான் புதிய கேள்வி. பத்து ஆட்-ஆன் வைத்திருப்பவர் பெரிய ஆள். ஒன்றும் இல்லாதவர் கட்டை வண்டி ஓட்டுகிறவர் என்று ஒரு நினைப்பு நமக்குள் வந்துவிட்டது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணைக்கருவிகள் நல்லவை, நமக்கு அவசியம் வேண்டும், நல்ல நல்ல கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால், எந்த வேலையை நம் கையால் செய்து, ஒரு தாளில் கணக்குப் போட்டுச் சரிபார்க்கத் தெரியுமோ, அந்த வேலைக்கு மட்டும்தான் கருவியைப் பூட்ட வேண்டும். மற்ற வேலைக்குப் பூட்டினால் கருவி ஓடும்; நாம் பின்னால் ஓட வேண்டியதுதான்!

கோடு வேறு, சுவர் வேறு

முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டோகேடில் இரண்டு இணைகோடு போட்டால், நம் கண்ணுக்குத்தான் அது சுவர். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு கோடு, அவ்வளவுதான். 'பிம்' என்று சொல்கிற பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்கில் சுவரைச் சுவராகவே வைக்கிறோம். 230 மி.மீ. செங்கல், இரண்டு பக்கமும் பூச்சு, எந்தத் தளத்தில் நிற்கிறது, எவ்வளவு உயரம் என்று எல்லா விவரமும் அதற்குள்ளேயே இருக்கும். ஜன்னலை வைத்தால் சுவர் தானே வழிவிடும். பிளானில் ஜன்னலை ஒரு அடி நகர்த்தினால் எலிவேஷனிலும் செக்‌ஷனிலும் நகரும். இன்னொரு ஜன்னல் சேர்த்தால் பட்டியலில் எண்ணிக்கை தானே கூடும்.

இது நேற்று முளைத்த யோசனையும் அல்ல. படத்துக்குப் பதிலாகக் கட்டடத்தின் விவரங்களையே கம்ப்யூட்டரில் வைக்கலாம் என்று அமெரிக்காவில் சார்லஸ் ஈஸ்ட்மன் என்ற பேராசிரியர் 1975-லேயே கட்டுரை எழுதினார். ஹங்கேரியில் கிராஃபிசாஃப்ட் நிறுவனம் 1984-இல் ஆர்க்கிகேடின் முதல் வடிவத்தைக் கொண்டு வந்தது. இன்று நாம் படிக்கிற ரெவிட்டுக்கான நிறுவனம் 1997-இல் தொடங்கப்பட்டு, முதல் பதிப்பு 2000-இல் வந்தது. 2002-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை 13 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. சிங்கப்பூரில் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களின் கட்டடக்கலைப் படங்களைப் பிம் முறையில்தான் அனுமதிக்குத் தர வேண்டும் என்று 2013-இல் விதி வந்தது. 2015-இல் அந்த அளவு 5,000 சதுர மீட்டராகக் குறைக்கப்பட்டது. பிரிட்டனில் மத்திய அரசின் கட்டுமானப் பணிகளுக்கு 2016-இல் இது கட்டாயமானது.

சிங்கப்பூருக்குச் சென்ட்ரிங் அடிக்கவும் கம்பி கட்டவும் நம் ஊர்களிலிருந்து போனவர்கள் எத்தனை பேர்! அந்தக் கட்டடங்களின் மாதிரியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்களாக அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் போகலாம் அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கருவி பூட்டுவதற்கு முன்னால்

நாம் ஆட்-ஆன் தேடி அலைகிற வேலைகளில் பாதிக்கு ஆட்-ஆனே வேண்டாம். ரெவிட்டிலேயே வழி இருக்கிறது. லேபில் நாங்கள் நடைமுறையில் கண்டவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: முதலில் தளங்கள், கிரிட். எல்-எல் என்று தட்டினால் தளம், ஜி-ஆர் என்று தட்டினால் கிரிட். இவற்றைப் போட்டுவிட்டுத்தான் சுவர். அவசரப்பட்டுச் சுவரை எழுப்பிவிட்டுப் பிறகு தளத்தைத் தேடுவது, வீட்டைக் கட்டிவிட்டு மட்டம் பார்ப்பது போல!

இரண்டு: குறுக்கு விசைகள். டபிள்யூ-ஏ சுவர், டி-ஆர் கதவு, ஏ-எல் ஒழுங்குபடுத்த, சி-எஸ் இதே மாதிரி இன்னொன்று வைக்க, எஸ்-ஏ இதே வகையில் உள்ள அத்தனையையும் பிடிக்க, எச்-எச் தற்காலிகமாக மறைக்க, எச்-ஆர் மறைத்ததைத் திரும்பக் கொண்டுவர. ஒரு வாரம் பழகினால் விரல் தானாகப் போகும். தட்டச்சு வகுப்புக்குப் போன அக்காமார்களைக் கேளுங்கள், விரல் பழக்கத்தின் அருமை தெரியும்.

மூன்று: டேப் விசை. ஒன்றின் மேல் ஒன்றாக நாலு பொருள் இருந்தால், சுட்டியை அங்கே வைத்து டேபைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக மாறி வரும். வேண்டியது வந்ததும் சொடுக்கலாம். இது தெரியாமல் "பிடிபட மாட்டேங்குது சார்" என்று கூப்பிடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

நான்கு: ஆட்டோகேட் படத்தை உள்ளே கொண்டுவரும்போது 'லிங்க்' செய்யுங்கள், 'இம்போர்ட்' செய்ய வேண்டாம். இம்போர்ட் செய்து அதை உடைத்தும் விட்டால், பழைய படத்தின் கோட்டு வகை எல்லாம் நம் கோப்புக்குள் குப்பையாகக் கொட்டிவிடும். கோப்பு கனத்து, நம் லேப் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும்.

ஐந்து: ஒவ்வொரு வியூவிலும் வி-வி தட்டி, இதை மறை, அதைக் காட்டு என்று தனித்தனியாகச் செய்ய வேண்டாம். ஒரு வியூ டெம்ப்ளேட் செய்து இருபது வியூவுக்கும் மாட்டுங்கள். மாற்ற வேண்டுமானால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

ஆறு: எச்சரிக்கைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். மேனேஜ் டேபில் 'வார்னிங்ஸ்' என்று இருக்கும். மஞ்சள் கட்டம் வந்ததும் மூடிவிடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். ஒரே இடத்தில் ஒரே மாதிரி இரண்டு தூண் உட்கார்ந்திருந்தால் ரெவிட் எச்சரிக்கை தருகிறது. ஏன் தெரியுமா? பட்டியலில் அது இரண்டாக எண்ணப்படும். கண்ணுக்கு ஒரு தூண். கணக்கில் இரண்டு தூண். காங்கிரீட்டுக்கு இரண்டு மடங்கு காசு!

ஏழு: புதிய பதிப்பில் சேமித்த ரெவிட் கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது, பழைய பதிப்புக்கு இறக்கிச் சேமிக்கவும் வழி இல்லை. லேபில் ஒரு பதிப்பு, நண்பன் லேப்டாப்பில் இன்னொரு பதிப்பு என்றால், புராஜெக்ட் தொடங்கும் முன்பே எந்தப் பதிப்பு என்று பேசி முடிவு செய்யுங்கள். பிறகு அழுது பயனில்லை.

இந்த ஏழுக்கும் பைசா செலவில்லை. எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் போக வேண்டாம்.

இலவசமாகக் கிடைக்கும் மூன்று

சரி, கருவிக்கு வருவோம். அறுபது ஷீட்டுக்குப் பெயர் மாற்ற வேண்டும். முந்நூறு கதவுக்கு எண் போட வேண்டும். இப்படி ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டி வரும்போது, பெரிய மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்து தரும் சின்னப் புரோகிராம்தான் துணைக்கருவி. நான் பரிந்துரைப்பது மூன்றே மூன்று.

முதலாவது டைனமோ. ரெவிட்டோடு கூடவே வருகிறது. இதில் புரோகிராம் எழுத வேண்டாம். சின்னச் சின்னக் கட்டங்களை ஒயர் போட்டு இணைக்க வேண்டும். எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் சர்க்யூட் போடுவது போலத்தான். ஒரு கட்டம் "எல்லாக் கதவுகளையும் எடு" என்கிறது. அடுத்த கட்டம் "ஒவ்வொன்றின் எண்ணையும் சொல்" என்கிறது. அதற்கடுத்தது "எண் இல்லாதவற்றை மட்டும் பிரி" என்கிறது. அவ்வளவுதான், விட்டுப்போன கதவுகள் கையில்! இதற்கு இரண்டு அறிவுரை. ஓடும் முறையை ஆட்டோமேட்டிக்கில் விடாமல் மேனுவலில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஒயரைத் தொடும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, தொடக்கத்தில் ஒரு மாதம் படிக்கிற, எண்ணுகிற வேலைகளை மட்டும் செய்யுங்கள். மாதிரியை மாற்றி எழுதுகிற வேலை பிறகு. எண்ணுவது தவறினால் ஒரு எண்தான் தவறும். எழுதுவது தவறினால் மாதிரியே கெடும்.

இரண்டாவது பைரெவிட். எஹ்ஸான் இரான்-நெஜாத் என்பவர் உருவாக்கி, மூலப் புரோகிராமோடு இலவசமாக எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். போட்டவுடன் ரெவிட்டில் ஒரு புது டேப் வரும். மொத்தமாக ஷீட் உருவாக்க, மொத்தமாக அச்சிட, தேவையில்லாததைத் துடைக்க என்று பல பொத்தான்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அதுவல்ல. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஒரு பொத்தானைச் சொடுக்கினால், அந்தப் பொத்தானின் புரோகிராம் இருக்கிற ஃபோல்டர் திறக்கும். பைத்தான் மொழியில் எழுதியிருக்கும், படித்துப் பார்க்கலாம். சமையற்காரர் தன் அடுப்படியைத் திறந்து காட்டுவது போல! நாமே ஒரு ஃபோல்டர் செய்து, சரியான பெயர் வைத்து, உள்ளே நாலு வரி பைத்தான் எழுதினால் அதுவும் ஒரு பொத்தானாக வந்து உட்காரும்.

மூன்றாவது ரெவிட்லுக்கப். ஒரு சுவரைப் பிடித்து இதைத் திறந்தால், ரெவிட் அந்தச் சுவரைப் பற்றி உள்ளுக்குள் என்னென்ன எழுதி வைத்திருக்கிறது என்று அத்தனையும் காட்டும். உடம்புக்கு எக்ஸ்-ரே மாதிரி. இதுவும் இலவசம். பைத்தானில் எழுத நினைப்பவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது.

கிராக் செய்த மென்பொருளை மட்டும் தொடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் ஓராண்டு உரிமம் இலவசமாகத் தருகிறது. மாணவராக இருக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். படிப்புக்கு மட்டும்தான், சம்பாத்தியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அதுபோல, யாரோ கொடுத்த ஆட்-ஆனைப் போட்டதும் "இதைத் தயாரித்தவர் யாரென்று தெரியவில்லை, ஏற்றட்டுமா?" என்று ரெவிட் கேட்டால், நின்று யோசியுங்கள். ஊர் பேர் தெரியாதவரை வீட்டுக்குள் விடுவோமா?

கம்பிக் கணக்கும் என் அப்பாவும்

இப்போது என் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன்.

என் அப்பா கம்பி கட்டுகிறவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா சித்தாள். எங்கள் இரு பக்கக் குடும்பத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் நான் லேப் வேலையைப் பற்றிப் பேசினால் அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். சைட்டில் அவர் பார்ப்பதைத்தான் நான் திரையில் பார்க்கிறேன் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

கம்பியின் எடைக்கு நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த சூத்திரம் ஒன்று உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு இத்தனை கிலோ. இந்த 162 எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இரும்பு ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ. வட்டத்தின் பரப்பையும் அதையும் சேர்த்துச் சுருக்கினால் வருவதுதான் அது. 16 மி.மீ. கம்பிக்கு 256-ஐ 162-ஆல் வகுத்தால் 1.58 கிலோ. ரெவிட்டின் கம்பிப் பட்டியலில் இந்தச் சூத்திரத்தை ஒரு கணக்கீட்டுக் கட்டமாகச் சேர்த்துவிட்டால், மொத்த எடை தானாக வரும். ஆட்-ஆனே வேண்டாம்.

பயிற்சிக்காக ஒரு கட்டடத்தின் பட்டியலை அப்பாவிடம் காட்டினேன். 16 மி.மீ. கம்பி, 5 மீட்டர் நீளத்தில் 30 துண்டு, மொத்தம் 150 மீட்டர். கடையில் கம்பி 12 மீட்டர் நீளம். 150-ஐ 12-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. ஆகவே 13 கம்பி வாங்கினால் போதும் என்று பட்டியலைப் பார்க்கிற யாரும் சொல்வார்கள். அப்பா ஒரு நிமிடம் யோசித்தார்.

"ஏம்மா, மொத்தம் எத்தனை மீட்டருன்னு உன் மிசினு சொல்லுது, சரி. ஒரு கம்பியில எத்தனை துண்டு விழும்னு சொல்லுதா?"

பாருங்கள்! 12 மீட்டர் கம்பியில் 5 மீட்டர் துண்டு இரண்டுதான் விழும். மிச்சம் 2 மீட்டர். 13 கம்பி வாங்கினால் 26 துண்டுதான் கிடைக்கும். நாலு துண்டுக்கு வேலை நிற்கும். 30 துண்டுக்கு 15 கம்பி வேண்டும். மிச்சம் விழுகிற 15 துண்டுகள், ஆளுக்கு 2 மீட்டர், மொத்தம் 30 மீட்டர், 1.58-ஆல் பெருக்கினால் 47 கிலோவுக்கும் மேல். ஒரே ஒரு வகைக் கம்பியில் இவ்வளவு!

"அந்த ரெண்டு மீட்டரைத் தூக்கிப் போட மாட்டோம்மா. வேற எங்க சின்னத் துண்டு வேணும்னு முதல்லயே பார்த்து வெச்சுக்குவோம். அதைப் பார்க்காம வெட்டுறவன் கம்பி கட்டுறவனே இல்ல" என்றார் அப்பா.

நண்பர்களே, இந்த வெட்டுக் கணக்கைச் செய்கிற துணைக்கருவிகள் உலகத்தில் இருக்கத்தான் செய்கின்றன. டைனமோவிலோ பைத்தானிலோ நாமே எழுதவும் முடியும். பட்டியலிலிருந்து நீளங்களை எடு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கு, ஒவ்வொன்றையும் மிச்சமிருக்கிற கம்பியில் பொருந்துமா என்று பார், பொருந்தாவிட்டால் புதுக் கம்பி எடு. நாலே படி. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? முப்பது வருடம் வெயிலில் கம்பி வெட்டியவருக்கு! கருவி கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேள்வி சைட்டிலிருந்து வர வேண்டும்.

இங்கேதான் நமக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நம்மில் எத்தனை பேருடைய அப்பா கொத்தனார், ஆசாரி, பிளம்பர், ஒயர்மேன்! அவர்களுடைய அறிவு எந்தப் பிளக்-இன்னிலும் இல்லை. அதைக் கேட்டு வாங்கி, கம்ப்யூட்டர் மொழியில் எழுத வேண்டிய தலைமுறை நாம்தான். படித்துவிட்டோம் என்று அப்பாவின் கணக்கை மதிக்காமல் விட்டால் நஷ்டம் நமக்கே.

வேலை யாருக்கு?

கொஞ்சம் கசப்பான விஷயத்தையும் பேச வேண்டும். சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு மாதிரி செய்து கொடுக்கிற அலுவலகங்கள் இருக்கின்றன. நம் டிப்ளமோ சீனியர்கள் அங்கே மாடலர் வேலைக்குப் போகிறார்கள். முதல் வருடம் என்ன வேலை என்று கேட்டால், "டேக் போடுறது, டைமென்ஷன் போடுறது, ஷீட் அடுக்குறது, பேர் மாத்துறது" என்கிறார்கள். துணைக்கருவிகள் செய்கிற வேலையும் அதேதான்! போதாததற்குச் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. கேட்டால் பைத்தான் புரோகிராமையே எழுதித் தருகிறது.

அப்படியானால் நாம் போய் என்ன செய்வது? பயந்து ஓடுவதா? வேண்டாம். ஆட்டோகேட் வந்தபோது டிராயிங் போர்டில் வரைந்தவர்களும் இப்படித்தான் பயந்தார்களாம். போர்டு போனது, படம் படிக்கத் தெரிந்தவர்கள் போகவில்லை. முந்நூறு கதவுக்கு எண் போடுகிற வேலை போகலாம். போட்ட எண் சரியா, கதவு சரியான பக்கம் திறக்கிறதா, பீமுக்குள் பைப் நுழைகிறதா என்று பார்த்துச் சொல்கிற ஆள் வேண்டும். ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு "வந்திருச்சு சார்" என்று சொல்கிறவரையும், "வந்திருக்கு சார், ஆனா இந்த எண் இடிக்குது, ஏன்னு பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்கிறவரையும் மேலதிகாரி ஒன்றாகப் பார்ப்பாரா?

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். ஒரே மாதத்தில் பத்துப் பிளக்-இன் சொல்லித் தருவதாகவும் சான்றிதழ் தருவதாகவும் சொன்னார்கள். கேட்ட தொகை என் அப்பாவின் ஒரு மாதக் கூலியைவிட அதிகம். "கம்பிப் பட்டியலை எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் சாஃப்ட்வேரே பார்த்துக்கும்மா" என்றார்கள். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கருவியை நம்பி மட்டும் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கருவிக்கும் வயது உண்டு. ரெவிட் 2025 பதிப்பு, அடியில் இருக்கும் டாட்நெட் என்ற அமைப்பை 8-ஆம் பதிப்புக்கு மாற்றியது. அதற்கு முன் எழுதிய ஆட்-ஆன்களை எழுதியவர்களே மறுபடியும் திருத்தித் தர வேண்டியதாயிற்று. கருவி மட்டும் தெரிந்தவர் திருத்தம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வேலை தெரிந்தவர் கையால் செய்துகொண்டிருப்பார்.

ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்கவும் வேண்டாம். ஐஎஃப்சி என்று ஒரு பொது வடிவம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 16739 என்ற உலகத் தரம். யார் மென்பொருளில் செய்த மாதிரியையும் இந்த வடிவத்தில் மாற்றி இன்னொருவர் திறக்கலாம். பிளெண்டரோடு சேர்ந்து ஓடும் போன்சாய் என்ற இலவசக் கருவி நேரடியாக இதே வடிவத்தில் வேலை செய்கிறது. 2024 வரை அதன் பெயர் பிளெண்டர்பிம். 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 பதிப்பிலும் பிம் பகுதி உள்ளேயே இருக்கிறது. மாணவர் உரிமம் முடிந்த மறுநாள் நம் கையில் என்ன இருக்கும் என்று ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். இந்த இரண்டும் இருக்கும்!

மாணவர் மன்றத்துக்கு மூன்று கோரிக்கைகள்

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆகவே நம் மன்றம் செய்யக் கூடிய மூன்று காரியங்களை வைக்கிறேன்.

முதல் கோரிக்கை, வாரத்தில் இரண்டு நாளாவது லேபை மாலை 7 மணி வரை திறந்து வைக்க முதல்வரிடம் கேட்க வேண்டும். ரெவிட் நன்றாக ஓட 16 ஜிபி நினைவகமாவது வேண்டும். அப்படிப்பட்ட லேப்டாப் நம்மில் எத்தனை வீட்டில் இருக்கிறது? பஸ்ஸில் வருகிற மாணவர்களுக்குக் கடைசி பஸ் நேரத்தையும் பார்த்து நாளைத் தீர்மானிக்கலாம்.

இரண்டாவது, கல்லூரிக்கென்று ஒரு பொதுச் சேமிப்பு. நாம் செய்கிற கதவு, ஜன்னல், ஓடு, தொட்டி எல்லாவற்றையும் ஒழுங்கான பெயர் வைத்து ஒரே இடத்தில் சேர்ப்போம். இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வீட்டுக்கானவை. நம் ஊர் லாஃப்டும், சன்ஷேடும், திண்ணையும் யார் செய்து தருவார்கள்? நாம்தான் செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு வருகிற தம்பி தங்கைகள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

மூன்றாவது, ஒவ்வோர் ஆண்டும் கடைசி ஆண்டு மாணவர்கள் சேர்ந்து ஒரே ஒரு சின்னத் துணைக்கருவி செய்து கல்லூரிக்கு விட்டுச் செல்ல வேண்டும். இந்த ஆண்டுக்கு என் யோசனை, மேலே சொன்ன கம்பி வெட்டுக் கணக்கு. சிவில் மாணவர்கள் கணக்கைச் சொல்லட்டும். கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் பைத்தானில் கைகொடுக்கட்டும். சரிபார்க்க நம் வீட்டுப் பெரியவர்களை ஒரு நாள் கல்லூரிக்கு அழைப்போம். விருந்தினராக வந்து அவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும். கருவியின் பதிலையும் அவர்கள் மனக்கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அன்றைக்கு யார் யாருக்கு ஆசிரியர் என்று தெரிந்துவிடும்!

முடிவாக ஒரு வார்த்தை. புதுக் கருவி கையில் கிடைத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வேலையைக் கையால் செய்ய எனக்குத் தெரியுமா? பதில் தவறாக வந்தால் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருக்கிறதா? நாளைக்கு இந்தக் கருவி நின்றுபோனால் வேலை நிற்காதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தாராளமாகப் பூட்டுங்கள். அது உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், முதலில் தாளையும் பென்சிலையும் எடுங்கள். அந்தத் தாள் பத்து ரூபாய்கூட ஆகாது. நாளைக்கு ஒரு கட்டடத்தில் நாலு துண்டுக் கம்பி குறையாமல் காப்பாற்றப் போவது அதுதான்.

கற்போம், கணக்குப் போடுவோம், பிறகு பொத்தானை அமுக்குவோம்! வாழ்க மாணவர் ஒற்றுமை!

— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவி